ஒப்புக்கொடுப்பதற்கும் கணக்கு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தவக்காலம் வந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமெல்லாம் மின்கம்பத்துக்கு மின்கம்பம் தியானக் கூட்டச் சுவரொட்டிதான். தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்திலும் மூன்று நாள் அருளுரை, எழுப்புதல் கூட்டம் என்று அறிவிப்புகள் வருகின்றன. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே என்று சபை வேறுபட்டாலும் கடைசி இரவு நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். விளக்கைக் குறைப்பார்கள். கீபோர்டு மெதுவாக ஒலிக்கும். 'வாழ்க்கையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்' என்பார் பேச்சாளர். கைகள் உயரும், பலர் அழுவார்கள். அந்த அழுகை பெரும்பாலும் உண்மையானது. ஆனால் மறுநாள் காலை பந்தல் பிரித்த பிறகு அதே ஆளிடம், 'சரி, இன்றைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேட்டால் விழிப்பார். அவருக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. மறைக்கல்வி நடத்துகிறவர்கள் தரப்பிலிருந்து அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத இடம் தர வேண்டுகிறேன்.

லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் பின்னால் பெருங்கூட்டம் வருகிறது. இன்றைய கூட்ட அமைப்பாளராக இருந்தால் பூரித்துப்போய்ப் படம் எடுத்துப் போடுவார். இயேசுவோ திரும்பிப் பார்த்து, கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா, அஸ்திவாரத்தோடு நின்றால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா என்கிறார். அடுத்து, 20,000 பேரோடு வரும் எதிரியை 10,000 பேரை வைத்துக்கொண்டு எதிர்க்க முடியுமா என்று யோசிக்கும் அரசனைக் காட்டுகிறார். கட்டுகிறவனும் அரசனும் இறங்குவதற்கு முன்னால் உட்காருகிறார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்தி, பேரேட்டில் ஒரு காசு இடித்தாலும் விடியவிடிய உட்கார்ந்து நேராக்கிய ஊர் இது. ஐந்தொகை எடுக்காமல் ஒரு கடையைக் கைமாற்றி விட்டவர் செட்டிநாட்டில் உண்டா? வாழ்க்கையைக் கைமாற்றுவதும் அந்த வகைதான். இருப்பு என்ன, பாக்கி என்ன, யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எழுதிப் பார்க்காமல் 'எல்லாம் உமக்கே' என்று சொன்னால், அந்தப் பாக்கியை வீட்டில் இருக்கிறவர்கள்தான் கட்டுவார்கள்.

இதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஓரியூருக்கு நடந்து போகிறவர்களுக்கு, இயேசு சபைக் குருவான புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4-இல் அங்கே தலை வெட்டப்பட்டது தெரியும். காரணத்தைப் பலர் அரைகுறையாகத்தான் கேட்டிருப்பார்கள். மறவர் சீமையைச் சேர்ந்த தடியத்தேவர், நோயிலிருந்து குணமான பிறகு திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினால்தான் திருமுழுக்கு என்பது நிபந்தனை. அவர் சம்மதித்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர், சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவர் போய் முறையிட, அருளானந்தர் கைதாகி, கடைசியில் உயிரையே கொடுத்தார். திருமுழுக்குப் பெற்றவருக்கும் கொடுத்தவருக்கும் அதன் விலை தெரிந்திருந்தது. அந்தப் பெண்ணின் பக்கம் இருந்தும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அவர் எதையும் ஒப்புக்கொடுக்கவில்லை, கணவரின் தீர்மானத்துக்கு அவர் ஒரு பங்கு கட்டினார். புனிதரின் பெருமை இதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஒருவர் தம்மைக் கொடுக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் எதை இழக்கிறார்கள் என்று கேட்காமல் ஓரியூர்க் கதையை முழுதாகச் சொல்ல முடியாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அவசரம் பற்றி. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதலோடு வெளிவந்த நூல். தியானம் கொடுக்கிறவருக்கான முன்குறிப்புகள் அதில் 20 உண்டு. பதினான்காவது சொல்வது இது: பயிற்சி செய்கிறவர் ஆறுதலும் உற்சாகமும் பொங்கி நிற்கிறார் என்று கண்டால், யோசனையில்லாமல், அவசரப்பட்டு எந்த வாக்குறுதியும் நேர்ச்சையும் செய்துவிடாதபடி அவரை எச்சரிக்க வேண்டும். ஆள் எவ்வளவு நிலையற்றவராகத் தெரிகிறாரோ அவ்வளவுக்கு அதிகமாக எச்சரிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அதே நூலில் இன்னொரு விதி: மனம் வறண்டு, செபம் கசந்து கிடக்கும் காலத்தில் முன்பு செய்த தீர்மானத்தை மாற்றாதே. ஆக, பொங்கும்போதும் முடிவு கூடாது, வற்றும்போதும் கூடாது. நம் கூட்டங்களில் நடப்பது நேர்மாறு. பாட்டும் கண்ணீரும் உச்சத்துக்குப் போகிற அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்துத்தான் அட்டையில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

முழு வாழ்க்கையையும் கொடுக்க வருகிறவரைக் கத்தோலிக்கத் திருச்சபை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று பாருங்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, துறவற சபையில் சேர வருகிறவருக்கு 17 வயது நிரம்பாமல் நவசந்நியாசம் என்னும் பயிற்சிக் காலம் செல்லாது. அது குறைந்தது 12 மாதம். முதல் வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது துறவற வாக்குக் கொடுப்பதற்கு, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்த வார்த்தைப்பாடும் தற்காலிகம்தான், மூன்று ஆண்டுக்குக் குறையாமல், பொதுவாக ஆறு ஆண்டுக்கு மிகாமல். இறுதி வார்த்தைப்பாட்டுக்கு 21. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் தம் சொத்தை யார் நிர்வகிப்பது என்று தாமே விரும்பிய ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் உயில் எழுதியாக வேண்டும். மடத்துக்குப் போகிற பெண்ணுக்கே இத்தனை வருடம், இத்தனை காகிதம். பத்தாம் வகுப்புப் பையனை இரவு பத்து மணிக்கு மேடைக்கு அழைத்து 'முழு நேர ஊழியத்துக்கு வருகிறேன்' என்று சொல்ல வைப்பதற்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

திருமுழுக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்றாம் நூற்றாண்டு ரோமையின் வழக்கத்தைக் காட்டுவதாகக் கருதப்படும் பழைய திருச்சபை ஒழுங்கு நூல் ஒன்று, புதிதாக வருகிறவர் மூன்று ஆண்டு இறைவார்த்தையைக் கேட்கட்டும் என்கிறது. ஆர்வமாக இருந்தால் காலத்தைப் பார்க்க வேண்டாம், நடத்தையைப் பார் என்கிறது. கடைசியில் அவரைக் கூட்டிவந்தவர்களிடம் கேட்கிற கேள்விகள்தான் முக்கியம்: கைம்பெண்களை மதித்தாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா? என்ன உணர்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்தது நேர்ச்சை. நம் பகுதியில் இதனால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. பிரசவம் சிக்கலானால், 'பிள்ளை பிழைத்தால் சாமியாராக்குகிறேன், கன்னியராக்குகிறேன்' என்று அம்மாவோ அப்பத்தாவோ நேர்ந்துகொள்வது இன்றும் உண்டு. பிள்ளை வளர்ந்து வேறு வழி போனால் வீட்டில் வரும் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அந்த நேர்ச்சையே காரணமாகிவிடும். திருச்சபைச் சட்டம் 1193-ஆம் விதி தெளிவாகச் சொல்கிறது: நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். பாட்டியின் நேர்ச்சை பேரனைக் கட்டாது. 1191-ஆம் விதிப்படி, கடுமையான, நியாயமற்ற அச்சத்தாலோ வஞ்சகத்தாலோ செய்த நேர்ச்சை சட்டப்படியே செல்லாது. 'கொடுக்காவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது' என்று மேடையில் மிரட்டி வாங்கிய வாக்குக்காக ராத்தூக்கம் கெடுகிறவர்கள் இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் போகலாம்.

நியாயமாகச் செய்த நேர்ச்சையையும் நிறைவேற்ற முடியாமல் போவதுண்டு. வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்தவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டால்? அதே அளவு நல்லதாகவோ அதைவிடச் சிறந்ததாகவோ உள்ள ஒரு செயலாக அவரே மாற்றிக்கொள்ளலாம், இது 1197-ஆம் விதி. அதைவிடக் குறைந்ததாக மாற்றவோ, முழுதும் விலக்குப் பெறவோ வேண்டுமானால் பங்குத்தந்தையிடம் கேட்டால் போதும். நியாயமான காரணமும், அதனால் மூன்றாம் ஆளின் உரிமை கெடாமலிருப்பதும் மட்டுமே நிபந்தனை. மறைமாவட்டத் தலைமையிடம் வரை ஓட வேண்டியதில்லை. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளில் இப்படி எழுதிவைத்த விதிகள் இல்லையென்றாலும், பொருத்தனை பண்ணி மகளைப் பலிகொடுத்த இப்தாவின் கதையை (நீதித்தலைவர்கள் 11) போதகர்கள் ஒருமுறை முழுதாக வாசித்துக் காட்டலாம். நேர்ந்தவன் அப்பன், செலுத்தியவள் மகள்.

இனி, உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். 80 பக்க நோட்டு ஒன்று போதும். பணமும் கடனும் ஒரு பக்கம். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், நம்மால் நஷ்டப்பட்டவர்கள் ஒரு பக்கம். ஒரு நாளின் நேரம் ஒரு பக்கம். உடம்பும் பழக்கமும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு பத்தி கோடு போடுங்கள்: என்ன விஷயம், என்ன செய்யப் போகிறேன், எந்தத் தேதிக்குள், இதனால் வேறு யாருக்குப் பாதிப்பு. கடைசிப் பத்திதான் கண் திறக்கிற இடம். அதில் ஒரு பெயர் விழுந்துவிட்டால், அந்த ஆளிடம் பேசி முடிக்காமல் கடவுளிடம் வாக்குக் கொடுக்கக் கூடாது. மனைவியின் நகை, தம்பிக்கும் பங்குள்ள வீடு, மகளின் படிப்புச் செலவு எதுவும் ஒரு ஆள் தனியாகத் தூக்கிக் கொடுக்கக்கூடியது இல்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான், இது கடவுளுக்கு' என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு எப்படித் தாக்கினார் என்று மாற்கு 7-இல் பார்க்கலாம். பதிவான தானப் பத்திரத்தை மனம் மாறினால் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

பணப் பக்கத்தில் காணிக்கையைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டியது. எண்ணிக்கை நூல் 5-ஆம் அதிகாரத்தில் வரிசை இருக்கிறது: தவற்றை அறிக்கையிடு, எடுத்ததை முழுதாகத் திருப்பிக் கொடு, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு. யாரிடம்? இழந்தவரிடம். அவர் இல்லை, வாங்கிக்கொள்ள உறவும் இல்லை என்றால்தான் ஆண்டவருக்கு. ஆலயம் கடைசி வரிசையில் நிற்கிறது. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பாளர் சக்கேயு இன்னும் மேலே போய், ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு என்றார்.

நம் ஊர்க் கடை ஒன்றில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். பழைய சாமான் கடைக்காரர் ஒருவர், புதிதாகச் செய்த தூணுக்குப் புகைபோட்டு, எண்ணெய் ஏற்றி, அங்கங்கே உளியால் கொத்தி, 'நூறு வருஷ பர்மா தேக்கு, வீடு பிரிக்கும்போது எடுத்தது' என்று 40,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூணின் நியாயமான விலை 15,000. கூடுதலாக வாங்கியது 25,000, அதில் ஐந்தில் ஒன்று 5,000, ஆக 30,000. பில் புத்தகத்தில் வாங்கியவரின் எண் இருக்கும். கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, பணமா, பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதா என்று அவரிடமே விட வேண்டும். மொத்தமாக முடியாவிட்டால் தவணை கேட்கலாம், ஆனால் முதல் தவணை கையோடு போக வேண்டும். ஆளே கிடைக்கவில்லை, வாரிசும் தெரியவில்லை என்றால் ஏழைகளுக்கு, அதுவும் அவர் பெயரை நினைத்து. எல்லாவற்றையும்விடச் சிரமமானது அடுத்த தூணை விற்கும்போது சீட்டில் 'புதுச் செய்கை' என்று எழுதுவது. வியாபாரம் குறையும். லூக்கா 14-இல் சொன்ன செலவு இதுதான். இவர் இதைச் செய்யாமல் ஆலயத்துக்கு 50,000 ரூபாய் கொடுத்துக் கல்வெட்டில் பெயர் போட்டால், வாங்கியவரின் பணத்தில் ஒரு பகுதியும் அந்தக் கல்லில் இருக்கிறது. வேலையாட்களின் சம்பளப் பாக்கிக்கும் இதே கணக்கு. யாக்கோபு 5-இல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதாக வருகிறது.

அவதூறுக்கும் திருப்பிக் கொடுத்தல் உண்டு. எத்தனை பேர் முன்னால் சொன்னோமோ அவர்கள் முன்னாலேயே திருத்த வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவ அறிக்கையில்) குருவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகம் பற்றிப் பல சபைகளில் பலவிதமாகப் போதிக்கிறார்கள். என் கருத்து இது: நகைக் கடனுக்கு மாதாமாதம் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் 1,800-ஐ முதலில் காணிக்கையாக எடுத்து வைப்பதற்குக் கடவுள் பெயரைச் சொல்லக் கூடாது. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது வருவாய்க்குத் தக்கபடி, வாரத்தின் முதல் நாளில், முகவாட்டமில்லாமல், கட்டாயமில்லாமல் என்கிறார். சிறியதாகத் தொடங்கி, கடன் அடைய அடையக் கூட்டலாம்.

இஞ்ஞாசியார் காட்டும் மூன்று ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் பணப் பேச்சை முடிக்க முடியாது. மூவரிடமும் 10,000 தங்கக் காசு. களவு இல்லை, ஆனால் கடவுளுக்காக மட்டும் சம்பாதித்ததும் இல்லை. மூவருக்கும் உறுத்துகிறது. முதல் ஆள் பற்றை விட ஆசைப்படுகிறார், சாகும்வரை அதற்கு ஒரு வழியும் எடுப்பதில்லை. இரண்டாமவர் பற்றையும் விட வேண்டும், காசும் இருக்க வேண்டும் என்று, தாம் நிற்கும் இடத்துக்குக் கடவுள் வரட்டும் என்கிறார். மூன்றாமவர் வைத்துக்கொள்ளவும் தயார், விடவும் தயார், எது இறைவனுக்கு அதிகப் பணியோ அதுவே என்று நிற்கிறார். அவர் காசைக் கொடுத்துவிட்டார் என்று கதை முடிவதில்லை, கவனிக்க வேண்டும். தியானம் கொடுக்கிறவர் வறுமையை நோக்கி யாரையும் தள்ளக் கூடாது என்றும் அதே நூல் சொல்கிறது. தேவாலய வாசலில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாமவரைத்தான். பெரிய காணிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டு, மீதியைப் பற்றிக் கேட்காதே என்று கடவுளிடமே ராசி பேசுகிறவர்.

கணக்கு ஒருமுறை எழுதினால் தீராது. 'தம் சிலுவையை நாள்தோறும்' என்பது லூக்கா 9:23. அதற்குப் பழைய, சோதித்த வழி இரவு ஆய்வு. பதினைந்து நிமிடம் போதும், ஐந்து படி: இன்று பெற்றதற்கு நன்றி, பார்க்க ஒளி கேட்பது, எழுந்தது முதல் மணிக்கு மணி நாளைப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். எங்கே கெடும் என்று சொல்கிறேன். படுக்கையில் படுத்துக்கொண்டு செய்தால் இரண்டாம் படியிலேயே குறட்டை. நன்றியைத் தாண்டிக் குதித்தால் வெறும் குற்றப் பட்டியலாகி, பத்து நாளில் விட்டுப்போகும். 'நல்லவனாக இருப்பேன்' என்று தீர்மானித்தால் நாளைக்குச் சரிபார்க்க ஒன்றும் இருக்காது. 'நாளை சரக்கு வரும்போது லாரிக்காரரைத் திட்ட மாட்டேன்' என்றால் சரிபார்க்கலாம். கடை வைத்திருப்பவர்கள் ஷட்டரை இறக்கியதும், கல்லாவை எண்ணுவதற்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது. எண்ணிய பிறகு மனசு எண்ணிக்கையிலேயே நிற்கும்.

ஒரே ஒரு குறையைக் குறிவைக்கவும் ஒரு முறை உண்டு. வாரத்துக்கு ஏழு இரட்டைக் கோடு போடுங்கள், நாளுக்கு ஒரு ஜோடி. காலையில் எழுந்ததும் அந்தக் குறையை மட்டும் நினைத்து உறுதி எடுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின், காலையிலிருந்து எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளி மேல்கோட்டில். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கீழ்க்கோட்டில். பிறகு மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும், நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. விழுந்த கணத்திலேயே நெஞ்சில் கைவைத்து வருந்துவது, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் செய்யலாம். இரண்டு குறைகளை ஒரே நேரத்தில் எடுத்தால் இந்த முறை வேலை செய்யாது. பெரிய பாவத்தோடு தொடங்குவதும் வேண்டாம், வாய்ப்பேச்சில் தொடங்குங்கள். அங்கே புள்ளி நிறைய விழும், குறைவதும் கண்ணுக்குத் தெரியும். புள்ளி கூடுகிற வாரம் வந்தால் நோட்டைக் கிழித்துப் போட வேண்டாம், அது பார்வை கூர்மையாகிறது என்பதாகவும் இருக்கலாம். மாதம் ஒருமுறை ஆன்ம வழிகாட்டியிடம் காட்டினால் அவர் சொல்வார்.

தனியாள் இதை வெகுநாள் தாங்க மாட்டார். ஆகவே குழு. மெத்தடிஸ்ட் இயக்கத்தின் வகுப்புக் கூட்டங்கள் 1742-இல் பிரிஸ்டல் நகரில் எப்படிப் பிறந்தன தெரியுமா? கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்க, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று பிரித்தார்கள். பென்னி கொடுக்க முடியாதவருக்குத் தலைவரே போட்டுக்கொள்வார். வாராவாரம் வீட்டுக்குப் போனபோதுதான் யார் குடிக்கிறார், எந்த வீட்டில் சண்டை என்று தெரிந்தது. இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதையே ஆன்மிகக் கண்காணிப்பாக மாற்றினார். 1755-இல், கடவுளோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் 'உடன்படிக்கை ஆராதனை'யைத் தொடங்கியபோதும் பல நாள் விளக்கி, உபவாசம் வைத்து, அதற்குப் பிறகே மக்களை எழுந்து நிற்கச் சொன்னார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்த சபைகளில் மெத்தடிஸ்ட்டும் ஒன்று, ஆகவே இது நம் சி.எஸ்.ஐ. குடும்பங்களுக்கும் பாட்டன் சொத்துதான். கத்தோலிக்கருக்கு அன்பியங்கள் என்னும் அக்கம்பக்கக் குழுக்கள் இருக்கின்றன, ஆனால் பல இடங்களில் செபமாலையும் சுண்டலுமாக முடிந்துவிடுகின்றன.

ஆறு முதல் எட்டுப் பேர் சரியான அளவு. பத்தைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், மீதிப் பேர் தலையாட்டுவார்கள். வாரம் ஒருமுறை, ஒன்றேகால் மணி நேரம். மாற்கு நற்செய்தி 16 அதிகாரம், வாரம் ஒன்றாகப் பதினாறு வாரத்துக்கு வரும், அதோடு தொடங்கலாம். வாசிப்புக்கு இருபது நிமிடம், பாதி நேரத்தை 'போன வாரம் சொன்னதைச் செய்தேனா' என்பதற்கு ஒதுக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆண்களும் பெண்களும் இந்தப் பகுதிக்குத் தனித்தனி. தன் குறையை மட்டும் பேசலாம். 'அந்த அக்கா மருமகளுக்காக ஜெபிப்போம், அவ என்ன பண்ணினா தெரியுமா' என்று தொடங்கினால் தலைவர் அங்கேயே வெட்ட வேண்டும். முதலாளியும் அவரிடம் வேலை பார்க்கிறவரும் ஒரே குழுவில் இருந்தால் வேலை பார்க்கிறவர் உண்மை பேச மாட்டார். வாட்ஸ்அப் குழு கூட்ட நேரத்தைச் சொல்ல மட்டும். இன்னொன்று, நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டியது: குழுவுக்குள் சீட்டுப் பிடிக்கக் கூடாது, கைமாற்று வாங்கவும் கூடாது. ஏலச்சீட்டில் ஒரு தவணை நின்றதும் செபக் குழு உடைந்த கதை எந்தப் பங்கிலும் கேட்கலாம். ஒருவருக்கு உதவி தேவையென்றால் எல்லோரும் சேர்ந்து திரும்ப வராத பணமாகக் கொடுத்துவிட வேண்டும்.

நேரத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. காலையில் கைப்பேசியைத் தொடுவதற்கு முன்னால் பதினைந்து நிமிடம், ஞாயிறு வழிபாடு, வாரக் குழு, இவற்றைத் தாண்டி முதல் ஆண்டில் எதையும் சேர்க்க வேண்டாம். வாரம் நான்கு கூட்டத்துக்குப் போய் வீட்டில் பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்காமல் விடுவதைச் சீடத்துவம் என்று யாரும் பாராட்டத் தேவையில்லை.

உடம்புப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை மட்டும். 'முழுதாக நம்பி ஒப்புக்கொடுத்துவிட்டேன்' என்று இன்சுலினையும் ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பவுலோடு பயணம் போன லூக்காவே மருத்துவர். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் போதகர் யாராக இருந்தாலும் அந்தக் கூட்டத்துக்கு மறுபடி போக வேண்டாம். அதேபோல, 'எனக்குக் கீழ்ப்படிவதே கடவுளுக்குக் கீழ்ப்படிவது' என்று சொல்லி, வங்கிக் கணக்கு, பத்திரம், பிள்ளைகளின் கல்யாணம் வரை கைவைக்கும் ஆன்மிகத் தலைவரிடமிருந்தும் விலகிவிட வேண்டும். நல்ல வழிகாட்டி உங்கள் பணத்தைத் தொட மாட்டார், இன்னொரு வழிகாட்டியிடமும் கேட்டுப் பாருங்கள் என்று அவரே சொல்வார்.

ஆண்டுக் கடைசி இரவில் வாக்குத்தத்த வசன அட்டை எடுத்துப்போகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வாக்குத்தத்தம் எழுதியதை மட்டும்தான் அச்சடிக்கிறார்கள். 'உன் சகோதரனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொண்டு பிறகு வந்து காணிக்கை செலுத்து' என்று ஒரு அட்டையும் அந்தக் கட்டுக்குள் இருந்தால் யார் கையில் வருகிறது என்று பார்க்கலாம். சருகணியில் 1973-இல் மறைந்த பிரெஞ்சுக் குரு லெவே அடிகளாரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுகிறவர்கள், அவர் இந்த வறண்ட சீமையில் எளிமையாக வாழ்ந்து தீர்த்த பல பத்தாண்டுகளையும் சேர்த்து நினைத்தால், ஒரு இரவில் கொடுத்து முடிக்கிற சமாச்சாரம் இது இல்லை என்று புரியும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தியானக் கூட்டம், எழுப்புதல் கூட்டம் என்று அறிவிப்புக் கொண்டுவருகிறவர்களிடம் மூன்று விவரம் கேட்டு வாங்கி அதே அறிவிப்பில் போடுங்கள்: கூட்டம் முடிந்த அடுத்த வாரம் குழு எந்தக் கிழமை, எந்த இடத்தில் கூடும், பொறுப்பாளரை எங்கே பார்க்கலாம், அங்கே வாங்கும் காணிக்கைக்கு ரசீது உண்டா. இந்த மூன்றுக்கும் இரண்டு வரி போதும், பேச்சாளரின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
தேவகோட்டை வட்டம், சிவகங்கை மாவட்டம்.